நாலில் நின்ற எண்ணிக்கை

மணி ஒன்பதே முக்கால். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சாலை...

சற்று முன்பு கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து ஒருவரையொருவர் மனசைப் படிக்கும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதே சாலைதான். போகிற வழியில் கோப்பை கிடக்கிறது, எடுப்பாயா மாட்டாயா என்று. எடுத்தால் இப்படிப்பட்டவள், எடுக்காவிட்டால் அப்படிப்பட்டவள் என்று. அந்த மூலையில் ஒருத்தி முகம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள், பார்த்தீர்களா? அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பத்திலிருந்து கீழே எண்ணித் திருப்பிக் கூட்டி வருவது என் பொறுப்பு.

இது என்னோடு வேலை செய்பவளின் அண்ணிக்கு நடந்தது. நாமும் அண்ணி என்றே சொல்வோம்.

அண்ணி ஒரு மருந்துக் கிடங்கில் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். இரவு கிடங்கு மூடும்போது ஆறு கதவுகளையும் பூட்டுவது அவள் பொறுப்பு. பூட்டுமுன் ஒவ்வொரு வாசலிலும் நின்று மூன்று தடவை குரல் கொடுப்பாள். "உள்ளே யாராவது இருக்கீங்களா?" மூன்றாவது குரலுக்கும் பதில் இல்லையென்றால்தான் சாவி திரும்பும். முன்பு ஒருமுறை, மூட்டை தூக்குகிறவர் ஒருவர் குளிர் அறைக்குள் கண்ணயர்ந்துபோய்... சரி, அது வேறு கதை. அதிலிருந்து வந்த வழக்கம் இது.

அந்த வருடம் கிடங்கின் மேலாளர் ஓய்வு பெற்றார். அடுத்தது அண்ணிதான் என்று வாசல் காவலாளிகூடச் சொல்லிவிட்டார். ஆனால் முதலாளி வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். ஆட்களின் மனதைப் படித்துச் சொல்வாராம். இரண்டு நாள் வகுப்பு. வாயில் எந்நேரமும் புதினா மிட்டாய். கையில் ஒரு மார்க்கர் பேனா. அதன் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருப்பார். டக்... டக்...

பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். பத்திலிருந்து கீழே எண்ணித் திருப்பிக் கூட்டி வருவேன், ஒன்று என்று சொல்லும்வரை ஒருவரும் கண்ணைத் திறக்கக் கூடாது என்றார். பிறகு சாலையைச் சொன்னார். தனியாகப் போகிறீர்கள். கீழே ஒரு சாவி கிடக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு, கதவு திறந்து கிடக்கிறது. என்ன செய்வீர்கள்?

ஒருவன் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தான். ஒருத்தி விளக்குப் போட்டாள். முதலாளியின் மச்சினன் தோட்டத்தில் பூச்செடி நட்டானாம். அண்ணியின் முறை வந்தது.

"யோசிக்காதீங்கம்மா. சட்டுனு சொல்லுங்க."

"சாவியை எடுத்தேன். கதவைப் பூட்டிட்டேன்."

"உள்ளே யாராவது இருக்காங்களான்னு கேட்டீங்களா?"

அண்ணி கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் அவள் குரல் கொடுக்காமல் பூட்டிய ஒரே கதவு அதுதான். இல்லாத ஒரு வீட்டின் கதவு.

பயிற்சியாளர் விளக்கினார். வீடு என்றால் மனசு. சாவி என்றால் அதிகாரம். "இவங்க கையில சாவி கிடைச்சா முதல்ல பூட்டத்தான் செய்வாங்க. இவங்களை நம்பி நாலு ஆளை ஒப்படைக்க முடியாது."

"வீட்டுக்காரர் பாவம்" என்றான் மச்சினன். கண்ணை மூடியபடியே எல்லோரும் சிரித்தார்கள். பதினோரு வருடமாக ஒரே தட்டில் சாப்பிட்டவள்போல் பழகிய தோழியும்.

அவர் எண்ணத் தொடங்கினார். நாலு என்று சொல்லும்போது அண்ணி எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "பாருங்க, கதவைப் பூட்டிட்டு ஓடுறாங்க" என்று அவரும் சிரித்தார். எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. மிச்சத்தை யாரும் எண்ணவில்லை.

மாலை ஆறு மணிக்குப் பலகையில் புது மேலாளர் என்று மச்சினன் பெயர் ஒட்டியாகிவிட்டது.

அன்றும் ஆறு கதவுகளையும் பூட்டியது அண்ணிதான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் மூன்று குரல். பதினெட்டு தடவை. பிறகு பஸ் பிடித்து, ஒன்பதே முக்காலுக்கு இறங்கி நடந்தாள். ஒரு பக்கம் நீளமான மதில். மறுபக்கம் காலி மனைகள்.

காலில் ஏதோ இடறியது. ஒரு சாவி. எடுத்தாள். யாரோ இப்போதுதான் கையிலிருந்து விட்டதுபோல் வெதுவெதுப்பு...

தலை நிமிர்ந்தால், காலி மனையில் ஒரு வீடு. கதவு பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து சத்தம். டக்... டக்... கதவிடுக்கில் புதினா வாசனை. அதோடு மார்க்கரின் ஸ்பிரிட் நெடி. ஒரு குரல் மெதுவாக எண்ணியது. பத்து... ஒம்பது... எட்டு... நாலு வரைக்கும் வந்து நின்றது. மறுபடி பத்து.

அண்ணியின் காலடி கேட்டதும் குரல் நின்றது.

"அம்மா... நீங்களா? திறங்கம்மா. நாலுக்கு அப்புறம் என்னன்னு மறந்துபோச்சு."

அண்ணி சாவியைப் பூட்டில் நுழைத்தாள். அரைச் சுற்றுச் சுற்றியும் விட்டாள். அப்போதுதான் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. பன்னிரண்டு நாற்காலிகள். விழுந்தடித்துச் சிரித்த தோழி.

"நாலு ஆளை என்னை நம்பி ஒப்படைக்க முடியாதுன்னீங்களே சார்" என்றாள். "சரியாத்தான் படிச்சிருக்கீங்க."

சாவியை உருவிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரைப் பொசுக்கிவிட்டு வருகிறாய் என்று சிரித்தார். அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் பயிற்சியாளர் வகுப்புக்கு வரவில்லை. அவருடைய கார் முந்தின நாள் விட்ட இடத்திலேயே பனி மூடி நின்றது. வகுப்பறை மேசையில் அவர் கண்ணாடி, பை, மார்க்கர் பேனா. பேனாவின் மூடியை மட்டும் காணவில்லை.

அண்ணிக்குக் கோபம் ஒரே நொடியில் வடிந்துபோயிற்று. அன்றிரவு ஓடினாள். காலி மனையில் முள்ளும் உடைந்த செங்கல்லும்தான். மூன்று தடவை கூப்பிட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். ஒரு மாதம் கூப்பிட்டாள். போலீஸ் வந்து கேட்டுவிட்டுப் போனது. மச்சினன் ஒரு மாதம்கூட வேலையில் தாக்குப்பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் யாரோ எண்ணுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். முதலாளி அண்ணியையே கூப்பிட்டுச் சாவிக்கொத்தை நீட்டினார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாளாம்.

"எனக்கு ஒரு சாவி போதும் சார்."

இப்போது அவள் செய்வது ஒன்றுதான். எங்கே நாலு பேர் கூடினாலும் இந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறாள். கண்ணை மூடிக் கேட்கிறவர்களில் யாராவது ஒருவருக்கு அந்த வீடு தெரியுமாம். தெரிந்தால் மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டுமாம். பதில் வந்தால் அவளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு அவள் வருவாள்.

தெரிந்தவர்கள் இப்போது வாயைத் திறக்க வேண்டாம். கண்ணையும் திறக்காதீர்கள். சிரித்தவர்களும்தான். சொன்ன வாக்குப்படி எண்ணிவிடுகிறேன்.

பத்து... ஒம்பது... எட்டு... ஏழு... ஆறு... அஞ்சு...

நாலு...

நாலுக்கு அப்புறம்...