நாற்பத்தொரு கிலோ

ஆண்டியப்பன் விழுந்தபோது இரும்புச் சட்டமும் சேர்ந்து சரிந்தது. அந்தச் சத்தம் வெளியே கதிரைகளில் இருந்த நோயாளிகளுக்கும் கேட்டது. நான் பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது.

விசாரணைக்கு வந்த நீங்கள் தனுஷாவைத்தான் முதலில் கூப்பிட்டீர்கள். அவளில் பிழை இல்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இயன்மருத்துவப் பிரிவில் நாரியில், இடுப்புப் பக்கம், நோ உள்ளவர்களின் முதுகுப் பலத்தை அளப்போம். நெஞ்சில் பட்டியைக் கட்டி, இரும்புச் சட்டத்திலுள்ள இழுவை மானியில் கொளுவிவிட்டு, பின்பக்கம் சாயச் சொல்வோம். ஒரே ஆளை நானும் அளப்பேன், தனுஷாவும் அளப்பாள். கிழமைக்கொரு தடவையாக மூன்று கிழமை. ஒருவர் எடுத்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று ஒத்துவந்தால்தான் அளவை நம்பலாம். யாருடைய எண்கள் ஒத்துவருகின்றனவோ அவருக்கே பிரிவின் பொறுப்பு என்று டொக்டர் யோகலிங்கம் சொல்லியிருந்தார். நான் பதினொரு வருடமாக அங்கே இருக்கிறேன். தனுஷா வந்து எட்டு மாதம்.

அக்கராயனில் வயல் செய்யும் ஆண்டியப்பன் என்னிடம் பத்தொன்பது கிலோ இழுத்தார். மறுகிழமை முப்பது. தனுஷாவிடம் நாற்பத்தொன்று. மறுகிழமையும் நாற்பத்தொன்று.

பலம் இருக்கிறதென்று எழுதினால் நிவாரணப் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று இங்கே எல்லாருக்கும் பயம். அதனால் அடக்கித்தான் இழுப்பார்கள். அவளிடம் மட்டும் ஒருவரும் அடக்குவதில்லை. அப்படி என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை, தயாளினி அக்கா. நோகுதெண்டால் விடுங்கோ, நான் கோவிக்கமாட்டன் எண்டு சொல்லுறனான். அவ்வளவுதான்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்றாம் தடவை வந்த காலையில், படிவம் நிரப்பும்போது ஆண்டியப்பன் குரலைத் தாழ்த்தினார். "மிஸ், நேத்துலயிருந்து ரெண்டு காலும் மரத்துக் கெடக்குங்க. ஒண்ணுக்குப் போறதுகூடத் தெரியல."

அப்படியென்றால் முள்ளந்தண்டில் நரம்பு நெரிபடுகிறது, அளக்கவே கூடாது. உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. நான் அதில் 'இல்லை' என்று எழுதினேன். நரம்பு இளகும்போது அப்படித்தான் இருக்கும், தனுஷாவிடம் சொல்லி அவளைப் பயப்படுத்த வேண்டாம், நொந்தாலும் விடாமல் இழுத்தால் சுகம் வரும் என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டு அவளிடம் போனார்.

அவளுடைய எண் ஒரு தடவையாவது குழம்ப வேண்டும் என்று நினைத்தேன். அது பெரிய ஆசை இல்லை.

குழம்பியது. பதினேழு. அதற்குப் பிறகு ஆண்டியப்பன் எழும்பவில்லை.

நேற்று பெரியாஸ்பத்திரி விடுதியில் அவருடைய கட்டிலடிக்குப் போய்ப் பார்த்தேன். சத்திரசிகிச்சைக்குப் பிந்திவிட்டதாம், இனி நடக்கமாட்டாராம். நான் அவ்வளவு கெதியாக எதையும் நம்புகிறவள் இல்லை. அவருடைய பாதங்களில் என் உள்ளங்கைகளை வைத்து, காலால் பலமாக அமத்தச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து மெல்லக் கேட்டேன்.

"தனுஷா கேட்டிருந்தால் அமத்தியிருப்பியள்தானே, ஐயா?"