மன்னிப்புக் கேட்டுவிட்டு அதட்டியவன்

நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற இந்த அன்பியக் கூட்டத்தில் இப்போது இருப்பவர்கள்: தலைவர் லூர்தையன் அண்ணன், அவர் மனைவி எமில்டா மைனி, கடலுக்குப் போகிற மூன்று பேரான சூசையடிமை மாமா, ததேயு அண்ணன், ஆரோக்கியம் கொழுந்தன், பிறகு சூசையடிமை மாமாவின் மருமகள் ஜெசிந்தா, ஸ்டெல்லா, மரியபுஷ்பம் மாமி, பாயில் தூங்கிவிட்ட இரண்டு பிள்ளைகள், பிறகு நான். மரியாதை எது, பயம் எது என்று இவ்வளவு நேரம் பேசிப் பேசி எனக்கே தொண்டை கட்டிவிட்டது. தேநீர் இன்னும் கொதிக்கவில்லை. அதற்குள் ஒரு குட்டிக் கதை சொல்கிறேன், கேளுங்கள்...

ஜப்பான் கதை. பந்தாட்டக் கதை. பெயரெல்லாம் நான் வைத்தது, பேப்பரில் தேடாதீர்கள்.

இஷிமோரி என்று ஒரு பையன். டிஃபென்டர். நம் கடற்கரை மணலில் 'பேக்' என்போமே, அதுதான். பேக் ஆடுகிறவன் எங்கே நிற்பான்? பின்னால். பின்னால் நிற்பதால் அவனுக்கு என்ன லாபம்? எல்லாம் தெரியும்! முன்னால் ஓடுகிறவனுக்குப் பந்து மட்டும் தெரியும். அவன் முதுகுக்குப் பின்னால் எவன் வருகிறான் என்பது பேக்குக்குத்தான் தெரியும். தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்? சத்தம் போட வேண்டும்!

இங்கேதான் சிக்கல்...

அந்த ஊரில் மூத்தவர்களை அப்படிச் சட்டென்று பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஒரு வருடம் மூத்தவன் என்றாலும் மரியாதை. இஷிமோரிதான் அணியில் கடைக்குட்டி. அவனுக்கு முன்னால் ஆடுகிறவர் கேப்டன் குரோசே. பெரிய ஆள், பெரிய மீசை. முதல் ஆட்டம். குரோசேயின் வலது பக்கம் எதிராளி ஒருவன் பாய்ந்து வருகிறான். நம் பையன் பார்த்துவிட்டான். தொண்டையைச் செருமினான்.

"கேப்டன் அண்ணா... தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும்... தங்களுடைய வலது பக்கத்தில்... ஒருவர்..."

அந்த 'ஒருவர்' அதற்குள் கோல் அடித்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு திரும்பி ஓடி வருகிறார்!

சிரிக்காதே ஸ்டெல்லா, பாவம் அவன்.

இரண்டாவது ஆட்டத்திலும் இதே கதை. பயிற்சியாளர் கூப்பிட்டார். "உனக்குக் கண் இருக்கு. வாய் இருக்கா? அடுத்த ஆட்டத்திலும் இப்படித்தான் என்றால், பெட்டியைக் கட்டு. உங்க அப்பா கடையில போய் மீன் வெட்டு!"

பிள்ளை என்ன செய்வான்? கத்தினால் மரியாதை போகும். கத்தாவிட்டால் வேலை போகும். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை.

மூன்றாவது ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், உடை மாற்றும் அறைக்குள் ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே இனிப்பு. பயறு பூரணம் வைத்து அரிசிமாவில் பிடித்தது, நம் கொழுக்கட்டை மாதிரி. ஒவ்வொரு மூத்தவர் முன்னாலும் போய், இடுப்பு வளையக் குனிந்தான்.

"அண்ணா, இன்றைக்கு ஆட்டம் முடியும்வரை உங்களை மரியாதை இல்லாமல் அதட்டப் போகிறேன். அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதைச் சாப்பிடுங்கள்."

குரோசே அவனை ஏற இறங்கப் பார்த்தார். இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. அதே மாதிரி ஒருவன், அதே வலது பக்கம், பாய்ந்து வருகிறான். பையன் கண்ணை மூடி மூச்சை இழுத்தான்...

"லேய் குரோசே! வலது பக்கம் பாருலே!"

மைதானமே திரும்பிப் பார்த்தது! குரோசேக்குக் கோபமான கோபம். "எவம்லே அது!" என்று முறைக்கத் திரும்பினார். திரும்பின முகத்துக்கு நேரே... எதிராளி நிற்கிறான்! ஒரே தட்டு. பந்து வெளியே!

ஜெயித்தார்கள். முடிந்ததும் பையன் மறுபடியும் குனிந்துகொண்டு நின்றான். குரோசே மீசையைத் தடவினார்.

"எங்க அம்மாகூட என்னை இப்படிக் கூப்பிட்டதில்லைடா."

"மன்னிச்சிருங்க அண்ணா."

"அடுத்த ஆட்டத்துக்கும் கூப்பிடு. ஆனா இனிப்பு எனக்கு ரெண்டு வை."

அதற்குப் பிறகு அவன் எத்தனையோ வருடம் ஆடினான். மூன்று அணி மாறினான், நாட்டுக்காகவும் ஆடினான். எந்த அணிக்குப் போனாலும் முதல் நாள் கையில் அந்தப் பெட்டி. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனால் அவனோடு ஆடின கோல்கீப்பர் சொல்வாராம்: "அவன் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தைரியமே வரும்."

சரி, கதை முடிந்தது. இப்போது நம்மைப் பார்ப்போம்.

நம் வீடுகளில் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள் யார்? ஜெசிந்தா, நீ. எமில்டா மைனி, நீங்கள். நான். ஆனி ஆடிக் கடலில், முகத்துவாரத்தில் அலை எப்படி எழும்புகிறது என்று கரையில் நின்று பார்ப்பவர்கள் நாம். போன வாரம் சூசையடிமை மாமாவின் வள்ளம் அங்கேதான் கவிழ்ந்தது. மாதா காப்பாற்றினாள், மாமா நீந்தி வந்துவிட்டார். உயிர் காக்கிற சட்டை எங்கே இருந்தது? ஜெசிந்தா வீட்டுக் கட்டிலுக்கு அடியில். அதன்மேல் கோழி அடை படுத்திருந்தது!

ஜெசிந்தாவுக்கு அது தெரியாதா? தெரியும். தினமும் விடியுமுன் வாசலில் நின்று அவரை அந்தச் சட்டை இல்லாமலே அனுப்புகிறாள். மாமனாரிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பையனுக்கு வந்த அதே கூச்சம். பின்னால் நிற்கிறவர்களுக்கு ஆண்டவர் கண்ணை மட்டுமா கொடுத்தார்? வாயையும் கொடுத்திருக்கிறார். பார்த்தும் பேசாமல் இருப்பதற்கு மரியாதை என்று பெயர் வைக்காதீர்கள், மக்களே. கேட்க வேண்டிய மன்னிப்பை முதலில் கேட்டுவிடுங்கள்... பிறகு நன்றாக அதட்டுங்கள்!

எல்லோருக்கும் சேர்த்து நானே தொடங்குகிறேன். சூசையடிமை மாமா, ததேயு அண்ணன், ஆரோக்கியம் கொழுந்தன், மூன்று பேரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை கடலுக்குப் போகும்போது அந்தச் சட்டையைப் போடுவீர்களா, மாட்டீர்களா? ஞாயிறு பூசைக்கு முன்னால் எனக்குப் பதில் சொல்லிவிடுங்கள்.