கவிழ்த்துப் பார்த்த சோபா

ஹலோ... ஹலோ, கார்லண்டா? நான் வெர்னா பேசறேன்... எந்த வெர்னாவா? நீ ஸ்பிரிங் கட்டிக் குடுத்த சோபாவுக்கெல்லாம் உறை தெச்ச வெர்னா. இப்பத்தான என் பக்கத்துல நின்னு கத்திட்டுப் போன, அதுக்குள்ள மறந்துட்டியா...

ஆமா... ஆமா, ஆபீஸ்லதான் இன்னும் இருக்கோம். நீ விருட்டுனு கிளம்பிட்ட, நாங்க எங்க போறது...

இல்ல, யாரும் சிரிக்கல... சரி, ஓடெல் சிரிச்சான். அவன் எதுக்குத்தான் சிரிக்கல? நம்ம சோபா ஃபேக்டரிய மூடறோம்னு சொன்ன அன்னிக்கே சிரிச்ச ஆளு அவன்...

நீ பண்ணின காரியம் அப்படி. வேலை போனவங்களுக்கு உதவி பண்ற அரசாங்க ஆபீஸ். உக்காருங்கன்னு சொன்னா உக்கார வேண்டியதுதான? சோபாவக் கவுத்துப் போட்டு, அடியில எந்த ஊர்ச் சரக்குன்னா பாப்பாங்க... தெரியும்யா, நம்ம ஃபேக்டரி ஆளுங்க எல்லாருமே பாப்போம். நானும் பாப்பேன். லேசா குனிஞ்சு, யாருக்கும் தெரியாம. நீ உன் மாமியார் அடக்கத்தப்பவே பெஞ்சுக்கு அடியில தலைய விட்டவன்...

ஆமா, வியட்நாம்ல செஞ்சதுதான். அடியில ஒட்டியிருந்த லேபிள நானும் படிச்சேன்... எந்தச் சரக்கு வந்து நம்ம பொழப்பக் கெடுத்துச்சோ, அதுலயே நம்மள உக்காரச் சொல்றாங்க. கடுப்பாத்தான் இருக்கு. அதுக்கு இந்த ஆபீஸ் பொண்ணு பெய்ஸ்லி என்ன பண்ணுவா, பாவம்? அவளா கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தா? முகமெல்லாம் செவந்துபோய் மேசைல உக்காந்திருக்கா. நான் கொண்டுவந்த பீச் பழக் கேக்குல ஒரு துண்டு குடுத்துச் சமாதானம் பண்ணியிருக்கேன்... உனக்கும் இருக்கு. வந்தாத்தான் கிடைக்கும்.

இரு, நான் சொல்றதக் கேளு... கேளுய்யா. வெளிநாட்டுச் சரக்காலதான் வேலை போச்சுன்னு மூணு பேர் கையெழுத்துப் போட்டு மனு குடுக்கணும். நான் போட்டாச்சு, ஓடெல் போட்டாச்சு. நீதான் மூணாவது. போட்டா நம்ம எல்லாருக்கும் வேற தொழில் கத்துக்கப் படிப்புச் செலவு கிடைக்கும். கெடு இன்னியோட முடியுது. அஞ்சு மணிக்கு இவ கதவச் சாத்திடுவா... வேற யாரக் கூப்பிடச் சொல்ற? பாதிப் பேர் ஊரையே காலி பண்ணிட்டாங்க. மீதிப் பேர் மீன் பிடிக்கப் போயிருக்காங்க, ஃபோன எடுக்க மாட்டேங்கறாங்க...

பிச்சையா? இத்தன வருஷம் வரி கட்டினியே, அது யாரு போட்ட பிச்சை?... ஓ, படிக்கிற வயசாங்கறியா? ஓடெல் முடிவெட்டக் கத்துக்கப் போறானாம்... ஆமா, நம்ம ஓடெல்தான். தலையில ஒத்த முடி கிடையாது... அதத்தான் நானும் கேட்டேன். கறிக்கடைக்காரன் என்ன மாடான்னு திருப்பிக் கேக்கறான்...

நானா? எக்ஸ்ரே. ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கற படிப்பு. காலேஜ்ல எனக்கு இடம் வச்சிருக்காங்க, ஆனா இந்த மனு போனாத்தான் சேர முடியும்... கிண்டல் பண்ணாத. எனக்கு அது வேணும், கார்லண்ட். நெஜமா வேணும். வீட்ல உக்காந்து ஜன்னலுக்குத் திரையா தெச்சுத் தள்ளிட்டேன், இனி மாட்ட ஜன்னலே இல்ல. காலைல எழுந்து தலையச் சீவிட்டுப் போக எனக்கு ஒரு இடம் வேணும்யா...

என்ன?... முணுமுணுக்காத, சத்தமாச் சொல்லு...

ம்... ம்... ஆமா... அது எனக்கும் தோணிச்சு. கையெழுத்துப் போட்டா, ஃபேக்டரி இனிமே திறக்காதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரிதான். எனக்கும் கை வரல. பேனா எழுதலன்னு பொய் சொல்லி இன்னொரு பேனா வாங்கினேன். ஆனா நீ தினம் வண்டிய நிறுத்தி அந்தக் கேட்டப் பாத்துட்டுத்தான போற? பூட்டே துருப்பிடிச்சுப் போச்சு, கார்லண்ட்... இல்ல, அழல. சளி...

ஐயோ, ஓடெல்... இரு, இரு, லைன்லயே இரு... ஒண்ணும் ஆகல. ஓடெல் உக்காந்திருந்த சோபா, நீ கவுத்துப் பாத்ததுதான், உடைஞ்சிருச்சு... நெஜமாத்தான். நடுவுல மடார்னு. அவன் ரெண்டு காலும் மேல நிக்குது, கையில கேக் தட்டு மட்டும் ஆடாம இருக்கு... இல்ல, கொட்டல... ஆமா, உள்ள தெரியுது. நீ கட்டற மாதிரி ஸ்பிரிங்குக்குக் கயிறெல்லாம் கட்டல, வெறும் வளைஞ்ச கம்பி... சரி, சரி, சிரி. நல்லா சிரி...

இரு. உன் சிரிப்பு ஏன் ரெண்டு காதுலயும் கேக்குது? ஃபோன ஒரு காதுலதான வச்சிருக்கேன்...

ஜன்னல்கிட்ட வரேன்... அட. அந்த நீல வண்டி உன்னோடதுதான? நீ போகவே இல்லையா?... சாவி கிடைக்கலையா? சரி, அப்படியே வச்சுக்குவோம். நான் யார்கிட்டயும் சொல்லல... ஓடெல், கார்லண்ட் வாசல்லதான்யா இருக்கான்...

ம், இறங்கு... கையில என்ன அது? சுத்தியலா? எதுக்குய்யா... ஓ. ஃபேக்டரில ஸ்பிரிங் கட்டின சுத்தியல இன்னமும் வண்டிலயே வச்சிருக்கியா நீ...

சரி, கொண்டு வா. ஆனா முதல்ல கையெழுத்து, அப்புறம்தான் சோபா ரிப்பேர்... என்ன?... நீ என்ன சொல்றன்னே புரியல. அதுக்குள்ள ஆணிய வாயில போட்டுக்கிட்டியா? துப்பு. துப்பிட்டுப் பேசு... ஆமா. முதல்ல கையெழுத்து...

பேனாவா? என்கிட்ட இருக்கு. நல்லாத்தான் எழுதுது. ஃபோன வச்சிட்டு உள்ள வா.