மச்சான் கையில் கயிறு

என்னைப் போன்ற வாயாடியின் கையிலும் ஒலிவாங்கியை நம்பிக் கொடுத்துவிட்டு, தலைமை நாற்காலியில் நிம்மதியாக அமர்ந்திருக்கும் திரையரங்க உரிமையாளர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி அவர்களே! ஐம்பதாம் நாள் வெற்றி மாலையைக் கழுத்தில் சுமந்து வீற்றிருக்கும் இயக்குநர் சுடலைராஜ் அவர்களே! உப்புக்காற்றில் உரமேறிய உடம்போடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கணவன் கரையேறும் வரை கஞ்சி இறங்காத கடற்கரைத் தாய்மார்களே! என்னோடு சங்கு குளிக்கும் தோழர்களே! இந்தத் தூத்துக்குடிச் சங்குகுளியாளனின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரியது.

'முத்துப்பார்' என்ற இந்தப் பேய்ப்படத்தின் நிறைகுறைகளைப் பேசச் சொன்னார்கள். நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். குறையைத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

கடலுக்கடியில் என்ன கேட்கும்? காற்றுக்குழாயின் இரைச்சல் கேட்கும். சொந்த மூச்சு கேட்கும். வேறொன்றும் கேட்காது. அதை அப்படியே எடுத்திருக்கிறார்கள். வெள்ளைப் புடவை இல்லை, விரித்த கூந்தல் இல்லை, வீல் என்ற அலறல் இல்லை. இருட்டுத் தண்ணீரில் ஒரு கயிறு மெல்லத் தளர்கிறது, அவ்வளவுதான். அன்றாடம் அந்தத் தண்ணீரில் இறங்குகிற நானே நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இடைவேளையில் முறுக்கு வாங்கப் போகக்கூட யாருக்கும் கால் வரவில்லை.

இடைவேளைக்குப் பிறகு பேய் பேசத் தொடங்குகிறது. தூத்துக்குடியில் பிறந்து, தூத்துக்குடிக் கடலில் செத்தவனின் பேய் எந்த ஊர்த் தமிழ் பேசுகிறது? சென்னைத் தமிழ்! செத்த பிறகு ரயிலேறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்தானா? சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலமான கடலில் கதாநாயகி முத்தை அள்ளி அள்ளி எடுக்கிறார். எடுக்கட்டும்! அங்கே ஒரு தம்பி கைதட்டுகிறார். பொறுங்கள் தம்பி, நான் இன்னும் கோபப்படவே ஆரம்பிக்கவில்லை.

நீருக்குள் இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை படகில் ஒருவர் கையில். கீழே ஆபத்தென்றால் நாங்கள் இழுப்போம், அவர் தூக்குவார். அந்தக் கயிற்றை நம் முன்னோர் உடன்பிறந்த அண்ணனிடம் கொடுத்தார்களா? இல்லை. தம்பியிடம் கொடுத்தார்களா? இல்லை. பெற்ற தகப்பனிடமாவது கொடுத்தார்களா? இல்லை! மனைவியோடு பிறந்தவனிடம், மச்சானிடம் கொடுத்தார்கள். கையே அறுந்தாலும் தன் அக்காள் தாலியை அறுக்கமாட்டான் என்று நம்பிக் கொடுத்தார்கள்.

இந்தப் படத்தில் அந்த மச்சான், ஒரு முத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை விடுகிறான். அவனைப் பழிவாங்கத்தான் பேய் வருகிறதாம்.

இது கற்பனை, தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுவிட்டோம் என்று இயக்குநர் இதோ என்னிடம் சொல்கிறார். போட்டீர்கள் ஐயா! ஜனங்கள் இருட்டில் இருக்கை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் போட்டீர்கள். ஆனால் நம் ஊர் ஜெபசுதாவின் வீட்டுத் தின்பண்டம் கற்பனையா? அவர் கையால் பரிமாறிய மீன்குழம்பு கற்பனையா? கணவனைக் கடலுக்குக் கொடுத்த அந்தப் பெண், சினிமாக்காரர்கள் நம் கஷ்டத்தை உலகுக்குச் சொல்வார்கள் என்று நம்பி, உங்களை உட்காரவைத்து அழுது அழுது சொன்னாரே, அது கற்பனையா?

நடந்தது என்ன? கடலடியில் ஜெபசுதாவின் கணவருடைய காற்றுக்குழாய் வெடித்தது. மேலே கயிறு பிடித்திருந்தவர் ஜெபசுதாவின் தம்பி பிரைட்டன். அவர் இழுத்த வேகத்தில் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு உரிந்து போயிற்று. அத்தானைத் தூக்கிவிட்டார். மூச்சைத்தான் தூக்க முடியவில்லை.

அந்தப் பிரைட்டன்தான் உங்கள் நடிகருக்குக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பது இந்தக் கடற்கரையில் அவர் ஒருவருடைய பழக்கம். உங்கள் நடிகர் அதே போலச் சுற்றிப் பிடித்தார், பிறகு விட்டார். பார்த்தவுடன் ஊருக்கே ஆள் தெரிந்துபோயிற்று. மீன்கடையில் ஒருத்தி ஜெபசுதாவின் காதோரம் வந்து, "ஏளா, உன் தம்பிதான் கயித்த விட்டுட்டானாமே, படத்துல காட்டுதாங்களே" என்று கேட்டிருக்கிறாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. படம் வந்த நாள் முதல் பிரைட்டனை எந்தப் படகும் கூப்பிடவில்லை.

மட்டமான படமாக இருந்திருந்தால் மறந்திருப்போம். நீங்கள் நன்றாக எடுத்துத் தொலைத்துவிட்டீர்கள்! உங்கள் திறமைதான் இந்தப் பொய்யைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. படத்தை நம்பி, கண்ணால் கண்ட மனிதனைக் கைவிட்ட தோழர்களே, உங்கள் மீதும் எரிகிறது!

நாளைக் காலையில் நானும் இறங்குகிறேன். என் மனைவி ஜெமிமாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. இதுவரை படகில் யார் இருந்தார்களோ அவர்களே என் கயிற்றைப் பிடித்தார்கள். ஜெமிமா, பெண்கள் பக்கம்தானே இருக்கிறாய்? என் கயிற்றைப் பிரைட்டனிடம் கொடுக்க நினைக்கிறேன். தாலி உன்னுடையது, நீதான் சொல்லவேண்டும்.

என்ன சொன்னாள் என்று பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "எங்க அண்ணன் கையில குடுக்கதுக்கு எங்கிட்ட எதுக்குக் கேக்கிய?" என்கிறாள்.

கேட்டீர்களா? வாசலோரம் கையை மறைத்துக்கொண்டு நிற்கிற பிரைட்டன் அவர்களே, உங்களைத்தான். நாளைக்கு என் கயிறு உங்க கையிலதான், மச்சான்.

இயக்குநர் அவர்களே, இதை நீங்கள் படமாக எடுக்க வேண்டாம். பார்த்தால் போதும்.

இடம் கொடுத்த அண்ணாச்சிக்கும், இவ்வளவு திட்டு வாங்கியும் எழுந்து போகாத இயக்குநருக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும் நன்றி. என் மச்சான் காத்து நிற்கிறார், நான் இறங்குகிறேன். வணக்கம்.