வாசிக்காத மூன்றாவது சொல்

பார்வையாளர் நேரம் பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை. பலகையில் அதை எழுதியது நான்தான். எழுத்து நேராக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

இந்தத் தீவு ஆஸ்பத்திரியின் வாயிலில் எட்டு வருடமாக நிற்கிறேன். காலையில் டொக்டர் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தருவார். நோயாளியின் பெயர், பக்கத்தில் ஒரு சொல். சுகம், அப்படியே, கடினம். பன்னிரண்டு மணிக்கு நான் அதை உரத்து வாசிக்க வேண்டும். கடினம் என்றால் உறவினர் எந்த நேரமும் உள்ளே போகலாம். அது விதி.

அந்தச் சொல்லை நான் ஐந்து வருடமாக வாசிக்கவில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டில் பஸ்ரியாம்பிள்ளை என்பவருக்குக் கடினம் என்று வாசித்தேன். பின்னேரத்துக்குள் வள்ளம் நிறைய ஆட்கள் வந்து தலையில் அடித்து அழுதார்கள். டொக்டர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மனிதரைப் பாயில் சுற்றி, நாட்டு மருந்து கொடுக்கும் பரியாரியிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். வள்ளத்திலேயே உயிர் போய்விட்டது. அன்று நான் உண்மையைச் சொன்னேன். என்னை யாரும் இப்படி இருத்தி வாக்குமூலம் எழுதி விசாரிக்கவில்லை, ஐயா.

அதன் பிறகு துண்டில் கடினம் என்று இருந்தால் சுகம் என்றே வாசித்தேன். நோயாளர் வாட்டில் கூக்குரல் இல்லை. சனங்கள் சிரித்தபடி திரும்பினார்கள். "மூர்த்தியண்ணை பேர் வாசிச்சால் செத்தவனும் எழும்பிச் சோறு கேப்பான்" என்று மீன் விற்கும் செல்லாச்சி பகிடி பண்ணுவாள். நானும் சிரிப்பேன்.

குருசுமுத்து அனலைதீவுக்காரர். திருக்கை மீனின் முள் ஏறிய கால் அழுகிவிட்டது. துண்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கடினம். காய்ச்சலில் நினைவு வந்து வந்து போனது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிக் காலை வெட்டி எடுக்க மனைவியின் கையெழுத்து வேண்டும் என்றார் டொக்டர்.

"அவ வந்த உடன என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாரும், மூர்த்தி."

அவர் மனைவி மதலேனா செவ்வாய்க்கிழமை வந்தாள். எதிர்க்காற்றில் வள்ளம் பிந்தி, ஒன்றேகால் ஆகிவிட்டது. கையில் கஞ்சி.

"அண்ணை, அவருக்கு எப்பிடி?"

"சுகம்."

"ஒருக்கா எட்டிப் பாக்க ஏலாதோ?"

"நேரம் முடிஞ்சுது. ஆள் நித்திரை. வெள்ளிக்கிழமை வாரும், தங்கச்சி. கையோட கூட்டிக்கொண்டு போகலாம்."

அவள் முகம் தெளிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கஞ்சியைத் தந்துவிட்டுக் கடைசி வள்ளத்துக்கு நடந்தாள்.

மனைவி வந்தாளா என்று பின்னேரம் டொக்டர் கேட்டார். ஒருவரும் வரவில்லை என்றேன். வந்தாள் என்றால் ஏன் திருப்பி அனுப்பினீர் என்பார். ஐந்து வருட ஒழுங்கு ஒரு கையெழுத்துக்காகக் கெட வேண்டுமா? புதன்கிழமை அனலைதீவுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். அனுப்பாமலே அனுப்பிவிட்டேன் என்றேன்.

நினைவு வந்தபோது குருசுமுத்துவும் கேட்டார். அவருக்கும் அதே பதில்: ஒருவரும் வரவில்லை. ஆளுக்கொரு கதை சொல்கிறவன் அல்ல நான். கஞ்சியை அவருக்குக் கொடுக்கவில்லை. யார் கொண்டுவந்தது என்று கேட்பார். பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தேன். வீணாக்கவில்லை.

வியாழன் பின்னேரம் அவர் இறந்தார்.

நான்தான் கொன்றேன் என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கீழே கையொப்பம் வைக்கிறேன். இந்த ஐந்து வருடத்தில் தம் ஆட்களைக் காணாமலே போனவர்கள் இன்னும் பத்தொன்பது பேர். அந்தப் பெயர்களையும் தருகிறேன். நீங்கள் தேடி அலைய வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இருபது பேர் போயும் ஒரு நாளாவது அந்த வாட்டில் யாராவது கத்தினார்களா?

மதலேனாவும் கத்தவில்லை. வெள்ளிக்கிழமை சரியாகப் பன்னிரண்டுக்கு, அவர் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகத் தோய்த்த சேட்டும் சாரமுமாக வந்தாள். உள்ளே போய் உடம்பைப் பார்த்தாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். கத்தியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். மெல்லத்தான் கேட்டாள்.

"அண்ணை, நான் அண்டைக்கு வந்து போனதை அவருக்குச் சொன்னனீங்களோ?"