கடைசி நான்கு வாரங்கள்

எனக்குப் படிவம் நிரப்பப் பிடிக்கும். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். பள்ளிச் சேர்க்கையிலிருந்து தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் வரை எல்லாம் என் கையெழுத்துதான். அதனால் மறதி நோய் மையத்தில் மதிப்பீட்டாளர் வேலை எனக்குச் சுமையாக இல்லை.

மறதி லேசாகத் தொடங்கியவர்களின் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போகவேண்டும். கடந்த நான்கு வாரங்களில் யார் வந்தார்கள், யாரோடு பேசினார், கிண்டல் புரிந்து சிரித்தாரா என்று கேட்டு மதிப்பெண் போடவேண்டும். நாற்பதுக்கு இருபது வந்தால் வீட்டிலேயே இருக்கலாம். குறைந்தால் பூட்டிய விடுதி.

என் பட்டியலில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் முதல் மாதம் முப்பத்தொன்று வாங்கினார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஆறு வருடத்துக்கு முன் என் வாய்மொழித் தேர்வில், "பாடம் தெரியுது, நாலு பேரோட பழகத் தெரியல. வீட்ல யாரும் படிக்கலையோ?" என்று சிரித்தபடி பத்துக்கு இரண்டு போட்டவர். அந்த எட்டு மதிப்பெண்ணில் என் மேற்படிப்பு போயிற்று. உங்கள் விசாரணைக் குறிப்பில் இதைக் கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. தகவலுக்காகச் சொல்கிறேன்.

தினமும் மாலை அவரோடு சீட்டாட வரும் தையல்காரரைக் கடையில் போய்ப் பார்த்தேன்.

"கொஞ்ச நாள் வராதீங்கய்யா. தோத்தா அவருக்குப் பதற்றம் கூடுது."

"யாரு, அவனா தோக்குறான்? போன வாரம் என் சட்டையத்தான் உருவல." சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தார். "நான் போனா நோய் முத்திடுமாம்மா?"

"ஆமாங்கய்யா."

அன்றோடு நின்றுவிட்டார்.

மருமகளிடம், "மாமா பேச ஆரம்பிச்சா நீங்களே முடிச்சிடுங்க. தடுமாறினா மனசு ஒடிஞ்சிடுவார்" என்றேன். பாவம், நல்ல பெண். தொலைபேசியைக்கூட அவர் கைக்கு எட்டாமல் வைத்தாள். அந்த மாதம் இருபத்தைந்து.

மூன்றாம் மாதம் போனபோது இரண்டு பேருக்குச் சீட்டுப் போட்டுவிட்டு எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடினேன். அவர் ஜெயித்தார். பிறகு படிவத்தை எடுத்தேன். கூட்டினால் பத்தொன்பது. ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி பாக்கி: இந்த நான்கு வாரங்களில் உங்களைப் பார்க்க யாராவது வந்தார்களா?

மருமகள் வாய் திறக்குமுன் அவரே சொன்னார். "ஏன், இந்தப் பொண்ணு வருதே. எவ்வளவு நல்லா பழகுது."

மதிப்பீட்டாளரின் வருகை கணக்கில் சேராது என்று விதி இருக்கிறது. 'ஒருவரும் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். மறுநாள் விடுதி வண்டி வந்து அவரை ஏற்றிப் போயிற்று.

தையல்காரரை நிறுத்தியது நான்தான். மருமகளைப் பேச வைத்ததும் நான்தான். ஆனால் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஓர் எண்கூடப் பொய் கிடையாது. விடுதியில் அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். என் மதிப்பீடு சரியாகத்தான் இருந்திருக்கிறது.