அக்கா உட்காரும் பக்கம்

உங்கள் ஜீப்பின் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, நகக்கண் அளவுக்குப் பெயின்ட் உதிர்ந்து தகடு தெரிகிறது, ஐயா. என்னை ஏற்றும்போதே பார்த்தேன். சின்ன இடம்தானே என்று விட்டுவிடாதீர்கள். மழை வருவதற்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, துரு பிடிக்காமலிருக்க ஒரு கை பிரைமர் அடித்துவிடுங்கள். நிறத்தை அப்புறம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கார் பெயின்டர். பட்டறை என் அக்கா வீட்டுக்காரருடையது. அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அந்த மரியாதையில் இன்றைக்கும் குறை வைக்கவில்லை. எங்கள் தொழிலில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ஒடுங்கிய இடத்தைத் தட்டி நிமிர்த்தி, பழைய பெயின்டைச் சுரண்டினால் வெறும் தகடு வெளியே வரும். பச்சைப் பிள்ளை மாதிரி அது. கண்ட கையால் தொடக் கூடாது. ஒரு விரல் வியர்வை பட்டால் போதும், மேலே எத்தனை கோட்டு அடித்தாலும் அடியில் துரு பிடித்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். அதனால் கையுறை போடாமல் நான் தகட்டைத் தொட்டதில்லை. சுரண்டிய தகட்டை பிரைமர் அடிக்காமல் விட்டுவிட்டு டீ குடிக்கக்கூடப் போனதில்லை.

அத்தானுக்கு எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட அவசரம். பிரைமர் காயும்வரை அவருக்குப் பொறுக்காது. "உள்ள இருக்கறத யாருப்பா பாக்கப் போறாங்க? மேல பளபளன்னு இருந்தா போதும்" என்பார். நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் தகடு தட்டும் டிங்கரை விட்டு வெறும் தகட்டின் மேலேயே பள்ளம் அடைக்கும் பட்டியைப் பூச வைத்துவிடுவார். அப்படிப் போன வண்டிகளில் மூன்று திரும்பி வந்தன. மூன்றாவது ஒரு டாக்டரம்மாவுடையது. பானெட் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தது.

அத்தான் கொஞ்சமும் அசரவில்லை. பட்டறையே கேட்கும்படி, "எங்க பெயின்டருக்குக் கை வேர்க்கும் டாக்டர். மச்சானாச்சே, வெரட்டவும் முடியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் உப்புக்கை. டீக்கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். வண்டி விட வருகிறவர்கள், "உப்புக்கை வேண்டாம், வேற ஆள வெச்சுச் செய்ங்க" என்று என் காதுபடவே சொன்னார்கள். வலித்தது, ஐயா. மறைக்க ஒன்றுமில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மதியம் சாப்பாடு கொண்டுவந்தபோது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "உன் கையப் புடிச்சிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவ நான். இது வேர்க்குமா வேர்க்காதான்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்காகப் பேச உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அத்தானின் சொந்தக் காரே வேலைக்கு வந்தது. சாலை நடுவே இருக்கும் தடுப்புக் கட்டை மேல் ஏற்றி, இரண்டு பக்கக் கதவுகளுக்கு அடியிலும் ஓடுகிற பெட்டித் தகட்டை நசுக்கிக்கொண்டு வந்திருந்தார். பக்கவாட்டில் வண்டி இடித்தால் ஆளைக் காப்பாற்றுவது அந்தத் தகடுதான். டிங்கர் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். உள்ளே பிரைமர் அடித்து மூடுவது என் பொறுப்பு. "ரெண்டு நாள்ல வேணும். மேல பளபளன்னு இருக்கட்டும்" என்றார் அத்தான்.

சொன்னதைச் செய்தேன். ஓட்டுகிறவர் பக்கம் கையுறையைக் கழற்றினேன். டீக்கடையில் ஒரு கை உப்பு வாங்கி, தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்து உள்பக்கம் முழுக்கத் துடைத்தேன். பிரைமர் வைக்கவில்லை. உப்புக்கை என்று பெயர் வைத்தவருக்கு உப்பு வைத்தேன், அவ்வளவுதான். வெளியே மட்டும் பிரைமரோடு நான்கு கோட்டு. அக்கா உட்காரும் பக்கத்துக்கு உள்ளேயே இரண்டு கோட்டு பிரைமர், அதன் மேல் மெழுகு. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று நீங்கள் சொல்லலாம். அத்தான் ஸ்டியரிங்கை யாரையும் தொட விடமாட்டார். அதை நம்பித்தான் பக்கம் பிரித்தேன்.

பதினான்கு மாதம் பொறுமையாக இருந்தேன். வாரம் தவறாமல் அந்தக் காரை நானே கழுவினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் அத்தானை நினைக்காத நாள் இல்லை.

மூன்று மாதம் முன்பு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னாள். "அவருக்கு முட்டி வலிடா. நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். இனிமே நான்தான் டிரைவர்."

எனக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். நல்லது அக்கா என்றேன்.

எழுந்து வெளியே போய்க் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் தகடு உள்ளே போனது. சரிசெய்ய ஒரு நாள் வேலைதான். ஆனால் மேலே இருக்கும் பெயின்டை அறுக்க வேண்டும். அதில் ஒரு தூசி கிடையாது, ஓர் அலை கிடையாது; என் முகம் தெரிந்தது. அப்படி ஒரு பினிஷிங்கை உடைக்க மனசு வரவில்லை. திறந்தால் டிங்கர் வேறு உள்ளே பார்ப்பான். உப்புக்கை என்றது சரிதான் என்பான். துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை முச்சந்தியில் ஒரு லாரி மெதுவாகத்தான் திரும்பியது. வெறும் ஒடுங்கலோடு போயிருக்க வேண்டியது. அக்காவின் பக்கம் அட்டைப்பெட்டி மாதிரி மடங்கிவிட்டது. பக்கத்து இருக்கையில் அத்தானுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில் வந்தவர் போனவரிடமெல்லாம், "நான் உக்காந்த பக்கம் என் மச்சான் செஞ்ச வேலை. அதான் நான் பொழச்சேன்" என்று சொல்லி அழுதார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயால் என் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய்.

உப்பு வைத்தது நான். பிரைமர் வைக்காதது நான். தெரிந்தும் திறக்காதது நான். எல்லாம் சரி. அக்காவைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவள் பக்கத்துக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. போய் அறுத்துப் பாருங்கள், ஒரு புள்ளி துரு இருக்காது. இடம் மாறி உட்கார்ந்தது அவள்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேறு தாள் இருக்கிறதா? இது நான் பிடித்த இடமெல்லாம் ஈரமாகி மை பரவுகிறது. மேஜையில் யாரோ தண்ணீர் சிந்தியிருக்க வேண்டும், ஐயா. என் கை வேர்க்காது.